71000 ‘டியூக் ஆஃப் குளோஸ்டர்’: காயலான் கிடங்கிலிருந்து மீண்ட நீராவி எஞ்சின் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டிஷ் ரயில்வேயின் 71000 எண் நீராவி எஞ்சின் 1954-இல் கட்டப்பட்டு, 1962-இல் ஓட்டத்திலிருந்து நீக்கப்பட்டு, முக்கிய உறுப்புகள் கழற்றப்பட்ட நிலையில் தெற்கு வேல்ஸின் பழைய இரும்புக் கிடங்கு ஒன்றில் துருப்பிடித்துக் கிடந்தது. 1974-இல் அதை அங்கிருந்து எடுத்துச் சென்ற தன்னார்வலர்கள், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1986-இல், மறுபடியும் ஓட வைத்தார்கள். ரயில் ஆர்வலர்கள் கூடிப் பேசும் இடங்களில் இந்த எஞ்சினைப் பற்றித் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே தரப்பட்டுள்ளன.

எத்தனையோ நீராவி எஞ்சின்கள் மீட்கப்பட்டிருக்க, இதை மட்டும் தனியாகப் பேசுவது ஏன்?

பெரும்பாலான மீட்புகளில், ஒருகாலத்தில் நன்றாக ஓடிய எஞ்சின் மறுபடி ஓடுகிறது. இந்த எஞ்சினோ, வேலையில் இருந்த காலத்தில் சரியாக ஓடவே இல்லை என்று பெயரெடுத்தது. ஓட்டுநர்களும், நெருப்புக்கு நிலக்கரி போடும் ஃபயர்மேன்களும் இதை விரும்பவில்லை. நிலக்கரியை அள்ளித் தின்றுவிட்டு நீராவி தராமல் ஏமாற்றும் எஞ்சின் என்றே அது அறியப்பட்டது. தன்னார்வலர்கள் அதைப் பாகம் பாகமாக மறுபடி கட்டியபோது, அந்தக் கெட்ட பெயருக்கான காரணங்கள் வெளிப்பட்டன. அவற்றைத் திருத்திய பிறகு, பிரிட்டனில் ஓடும் மிக வலிமையான பயணிகள் எஞ்சின்களுள் ஒன்றாக அது விளங்கியது. ரயில்வே நிர்வாகம் முடிக்காமல் விட்டுச் சென்ற ஒரு பொறியியல் ஆய்வைச் சம்பளம் வாங்காதவர்கள் முடித்து வைத்தார்கள் என்பதே, என் பார்வையில், இந்த எஞ்சினின் உண்மையான முக்கியத்துவம்.

இந்த எஞ்சின் எதற்காகக் கட்டப்பட்டது?

ஒரு கோர விபத்தின் விளைவாகவே இது பிறந்தது. 1952 அக்டோபர் 8 அன்று லண்டனுக்கு அருகிலுள்ள ஹாரோ அண்ட் வீல்ட்ஸ்டன் நிலையத்தில் மூன்று ரயில்கள் மோதிக்கொண்டதில் 112 பேர் உயிரிழந்தனர். விபத்தில் சிக்கிய எஞ்சின்களில் ‘பிரின்சஸ் ஆன்’ என்ற 46202 எண் எஞ்சின் பழுதுபார்க்க முடியாத அளவுக்குச் சிதைந்தது. அதன் இடத்தை நிரப்ப அதே அளவு வலிமையுள்ள எஞ்சின் ஒன்று தேவைப்பட்டபோது, பிரிட்டிஷ் ரயில்வேயின் எஞ்சின் வடிவமைப்புக்குப் பொறுப்பு வகித்த ராபர்ட் ரிடில்ஸ், தாம் முன்பே செய்து பார்க்க விரும்பிய மூன்று சிலிண்டர் விரைவு எஞ்சினுக்கு அனுமதி பெற்றார். க்ரூ பணிமனையில் 1954-இல் அது கட்டி முடிக்கப்பட்டது. ரிடில்ஸின் காலத்தில் வகுக்கப்பட்ட பன்னிரண்டு தரநிலை வகைகளில் மொத்தம் 999 எஞ்சின்கள் கட்டப்பட்டன. அவற்றுள் இந்த வகையில் கட்டப்பட்டது இது ஒன்றுதான்.

வேலையில் இருந்த காலத்தில் அதன் குறை என்ன?

சிலிண்டர்களில் குறை இல்லை. சோதனை நிலையத்தில் அளந்து பார்த்தபோது, சிலிண்டருக்குள் வந்த நீராவியை வேலையாக மாற்றுவதில் இது மிகச் சிறப்பாகவே செயல்பட்டது. குறை கொதிகலன் பக்கத்தில் இருந்தது. செங்குத்தான ஏற்றத்தில் பாரமான ரயிலை இழுக்கும்போது, அதாவது நீராவி மிகுதியாகத் தேவைப்படும் நேரத்தில், நெருப்பு போதிய அளவு கொழுந்துவிட்டு எரியாமல் மந்தமானது. இதன் நெருப்புத் தட்டு 48.6 சதுர அடி பரப்புடையது. அதற்கு ஒரே ஃபயர்மேன் கரண்டியால் நிலக்கரி அள்ளிப் போட வேண்டும். அவ்வளவு நிலக்கரியைப் போட்டும் அழுத்தம் ஏறாவிட்டால் அந்த மனிதரின் நிலை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இன்னும் சில எஞ்சின்கள் இதே வகையில் கட்டப்பட்டிருந்தால் குறையைத் தேடிக் கண்டுபிடிக்க நிர்வாகத்துக்கு அவசியம் ஏற்பட்டிருக்கும். ஆனால் 1955-இல் வெளியான நவீனமயமாக்கல் திட்டம் டீசலுக்கும் மின்சாரத்துக்கும் வழி திறந்துவிட்டது. ஒற்றை எஞ்சினுக்காகப் பணமும் நேரமும் செலவிட எவரும் முன்வரவில்லை.

அருங்காட்சியகத்துக்காக அதன் சிலிண்டரை வெட்டியெடுத்தார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். 1962-இல் எஞ்சின் நீக்கப்பட்டபோது அதை முழுமையாகவே பாதுகாக்கும் எண்ணம் முதலில் இருந்தது. பிறகு அதன் சிலிண்டர் அமைப்பு மட்டும் போதும் என்று முடிவு மாறியது. வெளிப்புறச் சிலிண்டர் ஒன்று கழற்றப்பட்டு, உள்ளே இருப்பது பார்வையாளர்களுக்குத் தெரியும்படி அறுக்கப்பட்டு, லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. ஒரு பக்கம் மட்டும் கனம் குறைந்த எஞ்சினை இழுத்துச் செல்வது கடினம் என்பதால் மறுபக்கத்துச் சிலிண்டரையும் கழற்றிவிட்டார்கள். அறுக்கப்பட்ட சிலிண்டரில் மறுபடி நீராவியைச் செலுத்த முடியாது. ஆகவே அதைத் திரும்பக் கேட்டுப் பெற்றாலும் பயன் இருந்திருக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் அது உடைக்கப்படாமல் தப்பியது எப்படி?

பேரி என்ற துறைமுக ஊரில் டாய் வுட்ஹாம் என்பவர் நடத்திய பழைய இரும்புக் கிடங்கு அதைக் காப்பாற்றியது. ரயில்வே கழித்துப்போட்ட எஞ்சின்களையும் சரக்கு வண்டிகளையும் அவர் விலைக்கு வாங்கி உடைத்து விற்றுவந்தார். சரக்கு வண்டிகளை உடைப்பது எளிது, விரைவில் காசாகும். எஞ்சினை உடைக்க நாளும் உழைப்பும் கூடுதலாகத் தேவை. எனவே வண்டிகளை முதலில் உடைத்துக்கொண்டு, எஞ்சின்களைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தார். அந்த ஒதுக்கிவைப்பே, 1968 ஆகஸ்டில் பிரிட்டனின் தேசிய ரயில்வேயில் நீராவி ஓட்டம் முடிவுக்கு வந்த பிறகு, பாதுகாப்பு ஆர்வலர்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய வாய்ப்பாக மாறியது. அந்த ஆண்டிலிருந்து 1990 வரை 213 எஞ்சின்கள் பேரியிலிருந்து மீட்கப்பட்டன. வுட்ஹாமின் பொறுமையையும் இங்கே சொல்லியாக வேண்டும்: பணம் திரட்டிக்கொண்டு வருகிறோம் என்று கேட்ட குழுக்களுக்காக அவர் எஞ்சின்களை ஆண்டுக்கணக்கில் உடைக்காமல் வைத்திருந்தார்.

71000 அங்கே போய்ச் சேர்ந்ததும் தற்செயல்தான். அது முதலில் நியூபோர்ட்டிலுள்ள வேறொரு கிடங்குக்குத் தவறுதலாக அனுப்பப்பட்டது. அங்கே வெட்டுவதற்கு முன்பே பிழை தெரியவந்து, பேரிக்குத் திருப்பி அனுப்பப்பட்டது.

1974-இல் தன்னார்வலர்கள் கையில் கிடைத்தது என்ன?

சட்டகம், சக்கரங்கள், கொதிகலன், உள்சிலிண்டர் ஆகிய பெரும்பாகங்கள் இருந்தன. இரண்டு வெளிச்சிலிண்டர்களும் அவற்றோடு சேர்ந்த வால்வு இயக்கக் கருவிகளும் இல்லை. செம்பிலும் பித்தளையிலும் ஆன சிறு பொருத்துகள் பேரியில் நின்ற எல்லா எஞ்சின்களிலும் போலவே இதிலும் காணாமல் போயிருந்தன. கடற்கரைக் காற்று மெல்லிய தகடுகளை அரித்துவிட்டிருந்தது. அந்தக் காலத்தில் பேரியிலிருந்து எதை வேண்டுமானாலும் மீட்கலாம், இதை மட்டும் மீட்க இயலாது என்பது பலரின் கருத்தாக இருந்தது. அப்படிச் சொன்னவர்களைக் குறை கூற முடியாது. ஒரே வகையைச் சேர்ந்த பல எஞ்சின்கள் இருந்தால் ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றுக்குப் பொருத்தலாம். உலகில் ஒன்றே ஒன்றாக உள்ள எஞ்சினுக்கு அந்த வழி கிடையாது.

எஞ்சின் இங்கிலாந்தின் லஃப்பரோ நகருக்குக் கொண்டு செல்லப்பட்டது. 1969-இல் மூடப்பட்ட கிரேட் சென்ட்ரல் ரயில் பாதையின் ஒரு பகுதியை அங்கே தன்னார்வலர்கள் பாதுகாத்து வந்தனர்.

இல்லாத சிலிண்டரை எப்படி உருவாக்கினார்கள்?

வரைபடத்திலிருந்துதான். முதலில் மரத்தில் முழு அளவு மாதிரி செய்யப்படுகிறது. அந்த மாதிரியை மணலில் பதித்து எடுத்தால் கிடைக்கும் பள்ளத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். உலோகம் ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு நீளத்தில் ஏறத்தாழ 1 சதவீதமும், எஃகு ஏறத்தாழ 2 சதவீதமும் சுருங்கும். எனவே மாதிரி செய்யும் தச்சர் சாதாரண அளவுகோலால் அளப்பதில்லை; சுருக்கத்தைச் சேர்த்துக் கோடு போட்ட தனி அளவுகோலை வைத்தே ஒவ்வோர் அளவையும் எடுக்கிறார். கடைசலில் சீவிச் சரிசெய்ய வேண்டிய பரப்புகளுக்கு இன்னும் கொஞ்சம் கனம் கூட்டிவைக்கிறார். சிலிண்டருக்குள் நீராவி வந்துபோகும் வழிகளுக்குத் தனியே மணற்கருக்கள் செய்து உள்ளே நிறுத்த வேண்டும். ஊற்றும்போது அவற்றுள் ஒன்று அசைந்தாலும் வார்ப்பு வீண். இத்தனையும் முடிந்து கிடைக்கும் சிலிண்டரின் உட்குழாயை 18 அங்குல விட்டத்துக்குத் துல்லியமாகக் குடைந்து, சட்டகத்தில் நேர்கோடு பிசகாமல் பொருத்த வேண்டும்.

வார்ப்பும் பெரிய கடைசல் வேலையும் தொழிற்சாலைகளில் நடக்க வேண்டியவை. வரைபடங்களைத் தேடிச் சேர்ப்பது, செய்துதரச் சம்மதிக்கும் நிறுவனங்களைக் கண்டுபிடிப்பது, வந்த பாகத்தைச் சரிபார்ப்பது, பொருத்துவது ஆகியவை தன்னார்வலர்களின் பொறுப்பு.

கப்ரோட்டி வால்வு அமைப்பு என்கிறார்களே, அது என்ன?

வழக்கமான நீராவி எஞ்சினில், நீராவியை உள்ளே விடுவதும் வெளியே விடுவதும் ஒரே வால்வின் வேலை. உள்ளே விடும் நேரத்தைக் குறைத்தால் வெளியேறும் நேரமும் கூடவே மாறிவிடும். இத்தாலியப் பொறியாளர் அர்த்தூரோ கப்ரோட்டி உருவாக்கிய முறையில், கார் எஞ்சினில் உள்ளதைப் போன்ற தனித்தனி வால்வுகள் உண்டு. மேடுகள் கொண்ட, சுழலும் கேம் தண்டு அவற்றைத் திறந்து மூடுகிறது. எனவே உள்ளே வரும் நீராவியின் அளவை எவ்வளவு குறைத்தாலும், வேலை முடித்த நீராவி தடையின்றி வெளியேறும். 71000-இன் சிலிண்டர்கள் சோதனையில் நல்ல பெயர் எடுத்ததற்கு இதுவே காரணம். ஓடும்போது எழும் ஒலியும் இதனால் வேறுபடுகிறது. ஒரு சுற்றுக்கு ஆறு முறை, ஒவ்வொன்றும் கத்தரித்தாற்போலத் தெளிவாகக் கேட்கும்.

கொதிகலன் பாதுகாப்பானது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

இந்தக் கொதிகலனின் வேலை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 250 பவுண்டு. வெளி ஓட்டுக்கும் உள்ளே இருக்கும் செம்பு நெருப்புப்பெட்டிக்கும் இடையே நூற்றுக்கணக்கான இணைப்புக் கம்பிகள் உள்ளன. அவை அறுந்தால் தகடு புடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு கம்பியையும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பது பழைய முறை, இன்றும் வழக்கில் உள்ளது. நல்ல கம்பி கணீரென்று ஒலிக்கும். அறுந்தது மொத்தென்று ஒலிக்கும். பழகிய காதுக்கு அந்த வேறுபாடு உடனே பிடிபடும்.

பழுது முடிந்ததும் கொதிகலனில் தண்ணீரை முழுக்க நிரப்பி, வேலை அழுத்தத்தைவிடக் கூடுதலான அழுத்தம் கொடுத்துச் சோதிப்பார்கள். தண்ணீர் சுருங்காத பொருள் என்பதால், எங்கேனும் கசிந்தாலும் வெடிக்காது. அதன் பிறகே நெருப்பு மூட்டி நீராவிச் சோதனை, அதுவும் காப்பீட்டு நிறுவன ஆய்வாளரின் முன்னிலையில். தன்னார்வலர் குழு என்பதற்காக இதில் எந்தச் சலுகையும் இல்லை, இருக்கவும் கூடாது.

மறைந்திருந்த குறைகள் எப்படி வெளிப்பட்டன?

இதற்கு விடை சொல்லும் முன், நீராவி எஞ்சின் மூச்சுவிடும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். ஒரு கிலோ நிலக்கரி முழுமையாக எரிய ஏறத்தாழ 11 கிலோ காற்று வேண்டும். அந்தக் காற்றை உள்ளே இழுக்கத் தனி விசிறி கிடையாது. சிலிண்டரில் வேலை முடித்த நீராவி புகைபோக்கியின் அடியில் வேகமாகப் பீய்ச்சப்படும்போது, புகைப்பெட்டியிலுள்ள வாயுக்களைத் தன்னோடு இழுத்துக்கொண்டு மேலே போகிறது. அந்த இழுப்பினால், நெருப்புத் தட்டுக்குக் கீழேயுள்ள சாம்பல் தொட்டியின் கதவுகள் வழியே புதுக் காற்று நுழைகிறது. எஞ்சின் கடுமையாக உழைக்க உழைக்க இழுப்பும் கூடும், நெருப்பும் கூடும். இந்தத் தொடரின் இரு முனைகளில் ஒன்று அடைபட்டாலும் எஞ்சின் திணறும்.

71000-இல் இரு முனைகளும் குறைபட்டிருந்தன. சாம்பல் தொட்டியைச் செய்வதற்காக மூல வரைபடத்தைப் பார்த்தபோது, காற்று நுழையும் கதவுகள் வரைபடத்தில் உள்ளபடி கட்டப்படவில்லை என்பது தெரிந்தது. கட்டியவை வரைபடத்தைவிடச் சிறியவை. எஞ்சினை வடிவமைத்தவர் கணக்கிட்ட காற்று அதற்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. மறுமுனையில், இதே அளவுள்ள மற்ற எஞ்சின்களோடு ஒப்பிட்டால் புகைபோக்கியும் சிறிது. கப்ரோட்டி அமைப்பில் வெளியேறும் நீராவியின் தன்மைக்கு ஏற்ற புகைபோக்கி வேண்டும் என்றும், பின்லாந்தின் கைலாலாவும் பிரான்சின் ஷப்பலோனும் உருவாக்கிய ‘கைல்சாப்’ என்ற நீராவி வெளியேற்று அமைப்பைப் பொருத்தலாம் என்றும் கப்ரோட்டி நிறுவனத்தின் டேனியல்ஸ் முன்பே பரிந்துரைத்திருந்தார். 1938-இல் மணிக்கு 126 மைல் வேகத்தை எட்டிய ‘மல்லார்ட்’ எஞ்சினில் இருந்தது அந்த அமைப்புதான். செலவைக் கருதி அந்தப் பரிந்துரை ஏற்கப்படவில்லை.

தன்னார்வலர்கள் சாம்பல் தொட்டியை வரைபடத்தில் உள்ளபடியே செய்தார்கள். கைல்சாப் அமைப்பையும் பொருத்தினார்கள். எட்டு ஆண்டுகள் ஓட்டுநர்களை வாட்டிய எஞ்சின், நெருப்பு தாராளமாக எரியும் எஞ்சினாக மாறியது. கட்டிய அன்று யாரேனும் வரைபடத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் அதன் வரலாறே வேறாகியிருக்கும் என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆயினும் உழைக்கும் பணிமனையில் எஞ்சின்கள் வரிசையில் நிற்கும். நின்று யோசிக்க நேரம் இருக்காது. ஒரே எஞ்சினோடு பன்னிரண்டு ஆண்டுகள் செலவிட்டவர்களுக்கு அந்த நேரம் இருந்தது.

பாதுகாக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு மாற்றம் செய்வது முறையா?

பாதுகாப்பு ஆர்வலர்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. ஒரு பொருளை அது இருந்தபடியே வைப்பதுதான் பாதுகாப்பு என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். தன் வகையில் கடைசியாக மிஞ்சிய, அசல் நிலை குலையாத எஞ்சின் ஒன்றில் இப்படிக் கை வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் இங்கே அசல் நிலை என்பதே வெளிச்சிலிண்டர்கள் இல்லாத ஒரு கூடு. சாம்பல் தொட்டியைப் பொறுத்தவரை, வரைபடத்தின்படி செய்ததை மாற்றம் என்று சொல்வதே பொருந்தாது. புகைபோக்கி விஷயத்திலும், அந்தக் காலத்துப் பொறியாளரே எழுதிவைத்த பரிந்துரை நிறைவேற்றப்பட்டது. அவர்கள் செய்தது சரி என்பதே என் முடிவு.

வடிவமைத்த ரிடில்ஸ் அது மறுபடி ஓடுவதைப் பார்த்தாரா?

இல்லை. அவர் 1983-இல் காலமானார். எஞ்சின் 1986-இல் இயங்கத் தொடங்கியது. அதன் பெயருக்குரிய கோமகன் (டியூக்) ஹென்றியின் மகனும் அவருக்குப் பின் அப்பட்டத்துக்கு வந்தவருமான ரிச்சர்ட், அந்த நவம்பரில் அதை முறைப்படி தொடங்கிவைத்தார். 1990-இல் அது பொதுப் பாதையில் சிறப்பு ரயில்களை இழுக்கத் தொடங்கியது.

ஊதியம் இல்லாமல் இத்தனை ஆண்டுகள் உழைப்பவர்கள் யார்?

வேல்ஸில் தாலிக்லின் என்ற சிறு பாதையைத் தன்னார்வலர்கள் 1951-இல் ஏற்று நடத்தத் தொடங்கியதிலிருந்து பிரிட்டனில் இந்த மரபு வேரூன்றியிருக்கிறது. ஓய்வுபெற்ற ரயில்வே தொழிலாளர்கள், பொறியாளர்கள், ஆசிரியர்கள், அலுவலக ஊழியர்கள், மாணவர்கள் எனப் பலதரப்பட்டவர்கள் வார விடுமுறையில் வந்து சேர்கிறார்கள். வெல்டிங் தெரிந்தவர் அதைச் செய்கிறார். கணக்கு தெரிந்தவர் நன்கொடைக் கணக்கைப் பார்க்கிறார். நினைவுப் பொருள் விற்பவரும் தேநீர் போடுபவரும் இல்லாவிட்டால் வார்ப்புச் செலவுக்குப் பணம் வராது. எஞ்சினுக்கு அருகே நின்று படம் எடுத்துக்கொள்ளாதவர்களின் உழைப்பு இத்தகைய திட்டங்களில் பாதிக்கு மேல் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

இவ்வளவு பாகங்களைப் புதிதாகச் செய்வதற்குப் பதில், முழு எஞ்சினையே புதிதாகக் கட்டிவிடலாமே?

கட்டியும் இருக்கிறார்கள். ஒன்றுகூட மிஞ்சாமல் உடைக்கப்பட்ட பெப்பர்கார்ன் ஏ1 வகையில், ‘டொர்னேடோ’ என்ற எஞ்சினை டார்லிங்டன் நகரில் ஓர் அறக்கட்டளை நன்கொடைகளைக் கொண்டு புதிதாகவே கட்டி 2008-இல் ஓடவிட்டது. இல்லாத பெரிய பாகங்களையும் வரைபடத்திலிருந்து செய்ய முடியும் என்று 71000 அதற்கு முன்பே நிரூபித்திருந்தது.

ஒருமுறை சீரமைத்துவிட்டால் போதுமா?

போதாது. கொதிகலனுக்குத் தரப்படும் சான்று பத்தாண்டுகளுக்கு மேல் செல்லாது; அதன் பிறகு குழாய்களைக் கழற்றி, சட்டகத்திலிருந்து கொதிகலனைத் தூக்கியெடுத்து, எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும். 71000-உம் 2012-இல் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டு பெரிய பராமரிப்புக்குச் சென்றது; பர்மிங்காமின் டைஸ்லி பணிமனையில் அந்த வேலை நடைபெற்றது. எனவே இத்தகைய அறக்கட்டளைகள் எஞ்சின் ஓடும் நாட்களிலேயே அடுத்த பராமரிப்புக்குப் பணம் சேர்க்கத் தொடங்கிவிடுகின்றன.

புதிதாகச் சேர வருபவருக்கு என்ன வேலை தருவார்கள்?

பாதுகாக்கப்பட்ட ரயில் பாதைகளில் பொதுவாகத் துடைப்பதிலிருந்துதான் தொடக்கம். பழைய ரயில்வே வழக்கப்படி, எஞ்சினைத் துடைப்பவராகச் சேர்ந்து, பின்னர் ஃபயர்மேனாகி, கடைசியில் ஓட்டுநராக வேண்டும். ஒவ்வொரு படிக்கும் விதிமுறைத் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. துடைக்கும் வேலையை எளிதாக எண்ண வேண்டாம். எண்ணெய்த் துணியோடு ஒவ்வோர் இணைப்பையும் தொட்டுச் செல்பவர் கண்ணில்தான் தளர்ந்த நட்டும் மயிரிழை வெடிப்பும் முதலில் படும். அவரே விடியற்காலையில் நெருப்பு மூட்டவும் கற்றுக்கொள்கிறார். குளிர்ந்த கொதிகலனை அவசரமாகச் சூடேற்றினால் செம்பும் எஃகும் வெவ்வேறு அளவில் விரிந்து இணைப்புகள் கசியும் என்பதால், ஓடவேண்டிய நாளுக்கு முந்தின நாளே சிறு நெருப்பை வைத்து நிதானமாகச் சூடேற்றுவார்கள். பணிமனைக்குள் வருபவரிடம் முதலில் கேட்பது எஃகு முனை வைத்த காலணியும், கருகினால் உருகி ஒட்டாத பருத்தி உடையும். மற்றதை அங்கேயே கற்றுக்கொடுத்துவிடுவார்கள்.